கடைசி மூன்று கேள்விகள் ஏன் வெள்ளையாக இருக்கின்றன?

கேள்வி:

வணக்கம் டீச்சர். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். எட்டாவது வரைதான் படித்தேன், அதுவும் தமிழ் மீடியம். என் மகன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாவது படிக்கிறான். அரையாண்டில் மற்ற பாடங்களில் அறுபது, எழுபது எடுத்தவன் ஆங்கிலத்தில் 38 தான். விடைத்தாளைப் பார்த்தேன். ஒரு மார்க் கேள்வி பதினான்கில் ஐந்துதான் சரி. நடுவில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். மனப்பாடச் செய்யுள், அதற்குப் பிறகு வரும் இரண்டு பெரிய கேள்விகள், இந்த மூன்றையும் தொடவே இல்லை. கேட்டால் 'டைம் பத்தலம்மா' என்கிறான். இப்போது பெரிய கிராமர் புத்தகம் ஒன்று வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்கிறான். இரண்டு வாரமாக நவுன், ஆர்ட்டிகிள் என்று அங்கேயே நிற்கிறான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் கூச்சப்படுகிறானாம். வாசிப்பு, எழுத்து, கிராமர் எல்லாவற்றையும் இந்த இரண்டரை மாதத்தில் எப்படித் திருப்புவது? டியூஷன் அனுப்பவா? ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்க்கச் சொல்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. நான் என்ன உதவி செய்ய முடியும்?

- ஒரு தாய், திருப்பூர்

பதில்:

அம்மா, வணக்கம். மதிப்பெண் விவரத்தோடு எழுதியது நல்லதாயிற்று. பெரும்பாலான பெற்றோர் 'இங்கிலீஷ் மட்டும் வர மாட்டேங்குது' என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? நீங்கள் விடைத்தாளையே புரட்டிப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண் கேள்விகள் 10, ஐந்து மதிப்பெண் கேள்விகள் 10, எட்டு மதிப்பெண் கேள்விகள் 2. உங்கள் மகன் தொடாமல் விட்ட மூன்றும் மனப்பாடச் செய்யுள் 5, குறிப்புகளை விரித்துக் கதை எழுதும் கேள்வி 8, பத்தியைப் படித்துப் பதில் எழுதும் கேள்வி 8. ஆக 21 மதிப்பெண்ணுக்கு அவன் பேனாவையே வைக்கவில்லை. ஒரு மார்க் பகுதியில் 5 போக, அவன் எழுதிய மற்ற 65 மதிப்பெண்ணுக்கு 33 வாங்கியிருக்கிறான். பாதிக்கும் கொஞ்சம் மேல். ஆங்கிலமே வராத பையன் வாங்கும் மதிப்பெண் அல்ல இது. எதற்கு எவ்வளவு எழுதுவது என்று தெரியாத பையன் வாங்கியது.

அதனால் அந்தப் பெரிய கிராமர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் குறை இல்லை. நானூறு, ஐந்நூறு பக்கத்தை முதலிலிருந்து படிப்பதற்கான காலம் இதுவல்ல, அவ்வளவுதான். அதில் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததும் இருக்கும், தேர்வுக்குத் தேவைப்படாததும் இருக்கும். எதை விடலாம் என்று அவனுக்குத் தெரியாது. இந்த இரண்டரை மாதமும் அவன் திருப்பிப் பார்க்க வேண்டியது அவனுடைய சொந்த விடைத்தாளைத்தான். அரையாண்டுத் தாள், காலாண்டுத் தாள், இனி வரப்போகும் திருப்புதல் தேர்வுத் தாள்கள், கிடைக்கிற எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்து, அரையாண்டுத் தாளில் சிவப்பு மையில் சுழித்த இடங்களை ஒவ்வொன்றாக ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் அவன் எழுதிய தவறான வாக்கியம். வலது பக்கம் சரியான வாக்கியம். கீழே, ஏன் தவறு என்று தமிழில் ஒரு வரி. தமிழில் எழுதுவது முக்கியம், அவன் மனதில் ஓடும் மொழி அது. சரியான வாக்கியம் தெரியாவிட்டால் மறுநாள் பள்ளியில் கேட்டுக்கொள்ளட்டும். 'கிராமர் புரியவில்லை சார்' என்று மொட்டையாகப் போய் நின்றால் எந்த ஆசிரியரும் என்ன செய்வார் பாவம். 'இந்த வாக்கியத்தில் என்ன தப்பு' என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

முப்பது, நாற்பது தவறு எழுதிய பிறகு பாருங்கள், அவை முப்பது விதமாக இருக்காது. செக்கிங்கில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று குறைகளைப் பிரித்துப் போடுவீர்களே, அது மாதிரி இதுவும் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் தாள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வகைகளைச் சொல்கிறேன். பையனிடம் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, 'மை பிரதர் கோ டு ஸ்கூல்' என்று எழுதுகிறாயா? தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் வினையின் விகுதியை மாற்றுகிறோம். யோசிக்காமலே மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் 'ஹி, ஷி, இட்' வரும் ஒரே இடத்தில்தான் கடைசியில் 'எஸ்' சேர்க்க வேண்டும். அந்த ஒன்றையும் நாம் விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு பதிலையும் எழுதி முடித்ததும் எழுவாயைப் பார், ஒருவரா பலரா என்று கேள், வினையைப் பார். இந்த ஒரு பழக்கம் தாள் முழுக்க உதவும்.

அடுத்தது 'ஹி டிட் நாட் வென்ட்'. 'டிட்' என்று எழுதியதுமே இறந்தகாலம் வந்துவிட்டது. பின்னால் வரும் வினை அதன் முதல் வடிவத்துக்குத் திரும்பிவிடும், 'ஹி டிட் நாட் கோ'. கேள்வி வாக்கியத்திலும் இதே கதைதான். பாடப்பகுதிக் கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது இந்தத் தவறு கூட்டம் கூட்டமாக வரும், ஏனென்றால் கேள்வியிலேயே 'டிட்' இருக்கும். 'வேர் டிட் ஹி கோ' என்று கேட்டால் பதிலில் 'டிட்' தேவையில்லை, 'ஹி வென்ட்' என்று தொடங்க வேண்டும்.

நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் 'ஹேவ்' வராது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' தவறு, 'ஐ சா ஹிம் எஸ்டர்டே' சரி. ஒரு மார்க்கில் வரும் டென்ஸ் கேள்விக்குக் கோடிட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்காராதே. வாக்கியத்தில் நேரத்தைக் காட்டும் சொல் எங்கே என்று தேடு. எஸ்டர்டே, சின்ஸ், எவ்ரிடே, டுமாரோ என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். விடையைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

'எ' போடுவதா 'ஆன்' போடுவதா என்பதில்தான் நீ இரண்டு வாரமாக நிற்கிறாய் என்று அம்மா எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள். கேட்டபடியே தமிழில் எழுதிப் பார். முதலெழுத்து உயிரெழுத்தாக வந்தால் பெரும்பாலும் 'ஆன்', மெய்யாகவோ உயிர்மெய்யாகவோ வந்தால் 'எ'. அம்ப்ரெல்லா, எம்.எல்.ஏ., ஆனஸ்ட் எல்லாம் 'ஆன்' பக்கம். யுனிவர்சிட்டி, யூரோப்பியன் இரண்டும் ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் நம் காதில் 'யு' என்று விழுகின்றன, அதனால் 'எ' பக்கம். பிழை திருத்தும் கேள்வியில் 'ஆன் யூரோப்பியன்' என்று போட்டுப் பிடிக்கப் பார்ப்பார்கள். அதே கேள்வியில் 'ஒன் ஆஃப் தி பாய்' (பாய்ஸ் என்று வர வேண்டும்), 'சீனியர் தேன்' (சீனியர் டு), 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தின் நடுவில் மறுபடி ஒரு 'பட்' போன்றவையும் வரும். இந்தக் கேள்வியை எடுத்து எழுதுவது லாபம். ஐந்து சின்ன வாக்கியம், ஐந்து மதிப்பெண், கற்பனை எதுவும் தேவையில்லை.

பிறர் கூற்றை மாற்றி எழுதுவதில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குத் தமிழ்ப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன். 'நான் வருகிறேன் என்று சொன்னான்' என்று சொன்னவனின் வார்த்தையை அப்படியே வைத்து 'என்று' போட்டு முடித்துவிடுவோம். அதே வேகத்தில் 'ஹி செட் தட் ஐ ஆம் கமிங்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஆளும் மாறும், காலமும் ஒரு படி பின்னால் போகும், 'ஹி செட் தட் ஹி வாஸ் கமிங்'. ஆள், காலம், இடமும் நேரமும் காட்டும் சொற்கள், இந்த மூன்றையும் விரல் விட்டுச் சரிபார்த்தால் போதும். வாக்கிய மாற்றத்துக்கு ஒரே கருத்தை மூன்று வடிவத்தில் எழுதிப் பழகு. 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் இல்னஸ், ஹி கேம்', 'தோ ஹி வாஸ் இல், ஹி கேம்', 'ஹி வாஸ் இல், பட் ஹி கேம்'. முதலாவது சிம்பிள், இரண்டாவது காம்ப்ளக்ஸ், மூன்றாவது காம்பவுண்ட். நாளுக்கு ஒரு வாக்கியத்தை இப்படி மூன்றாக்கினால் ஒரு மாதத்தில் இந்தக் கேள்வி பயம் போய்விடும்.

சரி, மறுபடி உங்களிடம் வருகிறேன் அம்மா. ஒரு மார்க் பகுதியில் ஒன்பது போயிருக்கிறது. அந்தப் பதினான்கில் ஆறு, பாடத்தில் வரும் சொற்களுக்கு ஒத்த பொருளும் எதிர்ப்பொருளும் கேட்பவை. மீதி எட்டும் பன்மை, முன்னொட்டு பின்னொட்டு, சுருக்கக் குறி, ஃப்ரேசல் வெர்ப், கூட்டுச்சொல், பிரிபொசிஷன், டென்ஸ், இணைப்புச் சொல் என்று பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்துகொள்ளும். ஆறுக்கும் பாடப்புத்தகம்தான் கதி. ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் கடைசியிலும் உள்ள சொற்களை ஒரு துண்டுச் சீட்டின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று எழுதி வைக்கட்டும். நாளுக்கு எட்டுச் சொல் போதும். நீங்கள் சீட்டைக் காட்டுங்கள், அவன் மறுபக்கத்தைச் சொல்லட்டும். சரியாகச் சொன்ன சீட்டு ஒரு டப்பாவுக்கு, தவறியது இன்னொரு டப்பாவுக்கு. தவறிய டப்பாவை மறுநாளும், சரியான டப்பாவை வாரம் ஒரு முறையும் எடுத்துக் கேளுங்கள். பொருளை எழுத்துக் கூட்டிப் பார்க்க உங்களால் முடியாவிட்டால் சீட்டில் தமிழ்ப் பொருளையும் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பகுதியில் தெரியாத கேள்விக்கும் ஒரு விடையைக் குறித்துவிட்டு வர வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. விடையின் எழுத்துக் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதையும் நினைவுபடுத்துங்கள்.

நீங்கள் முக்கியமாகக் கேட்டது வாசிப்பு. இதைத்தான் எல்லாரும் கடைசியில் தள்ளுகிறார்கள். கைடில் இருக்கும் பதிலை நான்கு முறை உரக்கப் படித்து மனப்பாடம் செய்வதை வாசிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வாய்க்குப் பழக்கம், அவ்வளவுதான். புதிய பத்தி ஒன்று கண்ணில் பட்டதும் கை நடுங்குவது அதனால்தான். கடைசி எட்டு மதிப்பெண் கேள்வியை உங்கள் மகன் விட்டதற்கு நேரம் ஒரு காரணம். அந்தப் பயமும் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஒரு யோசனை சொன்னால் அவன் முகம் சுளிப்பான். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் வாங்கலாம், இல்லையென்றால் அரசின் பாடநூல்கள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. 'நான் பத்தாவது, எனக்கு ஏழாவது புக்கா' என்பான். ஆனால் வரிக்கு நான்கு சொல் தெரியாத பத்தியைப் படித்தால் வாசிப்பு வளராது, அகராதியைப் புரட்டும் வேலைதான் நடக்கும். பத்து வரிக்கு இரண்டு மூன்று சொல் தெரியாமல் இருந்தால் அது அவனுக்கேற்ற பத்தி. சூழலை வைத்து அந்தச் சொற்களை ஊகிக்கலாம், வேகம் பிடிக்கும். மூன்று வாரம் இப்படிப் போய்விட்டு அப்புறம் பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள்களில் உள்ள பத்திகளுக்கு வரட்டும்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே கைகொடுக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவன் ஒரு பத்தியை உங்கள் முன்னால் வாய்விட்டு வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, என்ன படித்தான் என்று தமிழில் சொல்லட்டும். நீங்கள் நடுவில் கேள்வி கேளுங்கள். 'யாரு போனது?', 'எதுக்குக் கோபப்பட்டான்?', 'அப்புறம் என்ன ஆச்சு?' உங்களுக்குக் கதை புரியவில்லை என்றால் அவனுக்கும் புரியவில்லை என்றுதான் அர்த்தம். போய் மறுபடி படித்துவிட்டு வருவான். ஆங்கிலம் தெரிந்த அம்மாவாக இருந்தால் அவரே எட்டிப் பார்த்துப் பொருள் சொல்லிவிடுவார், பிள்ளை தப்பித்துவிடும். அம்மா ஒருத்தர் முன்னால் தினமும் வாசித்துப் பழகினால் வகுப்பில் எழுந்து நிற்கும் கூச்சமும் குறையும். உச்சரிப்பைத் திருத்த முயல வேண்டாம், யாரும் சிரிக்காமல் கேட்டாலே போதும்.

தேர்வில் பத்திக் கேள்விக்கு முதலில் கேள்விகளைப் படிக்க வேண்டும், பிறகு பத்தியை. எந்த வரியில் பதில் இருக்கிறது என்று பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக்கொள்ளலாம். 'வை' என்று கேட்டால் காரணம், 'வென்' என்றால் நேரம், 'ஹூ' என்றால் ஆள். இதைக்கூடக் கவனிக்காமல் பத்தியிலிருந்து நான்கு வரியை அப்படியே இறக்கி வைப்பவர்கள் நிறையப் பேர். அந்த வரி 'ஹி' என்று தொடங்கினால் யார் அந்த 'ஹி' என்று பெயரைப் போட்டு எழுத வேண்டும். பாடத்தைப் படிக்காமலே வாங்கக்கூடிய எட்டு மதிப்பெண் இது.

எழுத்துப் பகுதியில் விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுவது, சுருக்கம் அல்லது குறிப்பெடுப்பது, பிழை திருத்தம் என்று ஆறு கேள்வி வரும். நான்கு எழுதினால் போதும், 20 மதிப்பெண். பத்துக் கடிதத்தை நெட்டுரு போடும் வேலை வேண்டாம். பதினோராவது கடிதம்தான் தேர்வில் வரும். கடிதத்தின் சட்டகத்தை மட்டும் கை தானாக எழுதும் அளவுக்குப் பழக வேண்டும்: அனுப்புநர், பெறுநர், நாள், விளி, பொருள், நடுப்பகுதி, முடிப்பு, உறைமேல் முகவரி. சொந்தப் பெயரும் ஊரும் எழுதக் கூடாது, எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய் என்றே போட வேண்டும். நடுப்பகுதிக்கு முதலில் தமிழில் நான்கு விஷயம் யோசிக்கட்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று ஆணையருக்கு எழுத வேண்டும் என்றால், என்ன பிரச்சினை, எத்தனை நாளாக, யாருக்குக் கஷ்டம், என்ன செய்து தர வேண்டும். நான்குக்கும் ஆளுக்கு ஒரு சின்ன ஆங்கில வாக்கியம். எட்டு, பத்துச் சொல்லுக்கு மேல் போகாத வாக்கியம். நீளமாக எழுதினால்தான் மதிப்பெண் என்று நம் பிள்ளைகள் மனதில் யார் விதைத்தார்களோ தெரியவில்லை. திருத்துபவர் கண்ணில் நீளமான வாக்கியத்தில் மூன்று பிழை தெரியும், சின்ன வாக்கியத்தில் ஒன்றும் தெரியாது.

எழுதிய கடிதத்தை அவனே திருத்தட்டும். அந்தப் பிழை நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'எஸ்' விட்டேனா, 'டிட்' போட்ட இடத்தில் இரண்டாம் வடிவம் போட்டேனா என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு தடவை வாசிக்க வேண்டும். கிராமரைத் தனியாகப் படித்து, எழுத்தைத் தனியாகப் பழகி, வாசிப்பைத் தனியாக வைத்துக்கொண்டால் இரண்டரை மாதம் பத்தாது. வாசித்த பத்தியைப் பற்றி மறுநாள் ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்தும் ஆயிற்று. அந்த ஐந்தில் பிழை பார்த்தால் கிராமரும் ஆயிற்று. தினமும் முக்கால் மணி நேரம் இதற்குப் போதும்.

மனப்பாடச் செய்யுளுக்கு முழுப் பொறுப்பும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதட்டும். எழுதியதையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெரிய எழுத்து, காற்புள்ளி, வரி எங்கே மடங்குகிறது, எல்லாவற்றையும் பாருங்கள். ஆங்கிலம் தெரியாதவர் கண்தான் இதற்கு நல்லது. தெரிந்தவர் கண் பிழையைத் தாண்டிப் படித்துவிடும். வாரம் இரண்டு முறை இதைச் செய்தால் அந்த ஐந்து மதிப்பெண் உங்கள் வீட்டுக்கு வந்த மாதிரிதான். அதே போல, வழிகாட்டும் படம் பார்த்து எழுதும் இரண்டு மதிப்பெண் கேள்வி கட்டாயம் உண்டு. வீட்டிலிருந்து ரேஷன் கடைக்கு எப்படிப் போவது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு, 'கோ ஸ்ட்ரெய்ட்', 'டர்ன் லெஃப்ட்', 'ஆன் யுவர் ரைட்' என்று சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நாள் வேலை.

இனி நேரம். தேர்வு மூன்று மணி நேரம். வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் அதற்கு முன் 15 நிமிடம் தருவார்கள். ஒரு மார்க்குக்கு 15 நிமிடம், இரண்டு மார்க்குக்கு 35, ஐந்து மார்க் பத்துக்கும் சேர்த்து 85, எட்டு மார்க் இரண்டுக்கும் 30, கடைசியில் திருப்பிப் பார்க்க 15. கூட்டினால் 180 வரும். உங்கள் மகன் உரைநடைப் பாடப் பத்திகளை இரண்டு மூன்று பக்கத்துக்கு இழுத்திருப்பான், அதனால்தான் கடைசியில் தவித்திருக்கிறான். ஐந்து மதிப்பெண் பத்திக்கு எட்டரை நிமிடத்துக்கு மேல் கிடையாது என்று வீட்டில் கடிகாரம் வைத்துப் பழக்குங்கள். நேரம் முடிந்ததும் 'பேனாவைக் கீழே வை' என்று சொல்ல வேண்டியது உங்கள் வேலை. கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டால் எந்த வரிசையிலும் எழுதலாம். ஒரு மார்க்கை முடித்ததும் மனப்பாடச் செய்யுளையும் கடைசிப் பத்திக் கேள்வியையும் எழுதிவிட்டு மற்றதற்கு வரலாம். என் விருப்பம் அதுதான், ஆனால் பள்ளியில் ஆசிரியர் வரிசையாக எழுதச் சொன்னால் அவர் சொல்வதைக் கேட்கட்டும். நேரத்தைப் பிடித்தால் வரிசை எதுவானாலும் பரவாயில்லை.

கைடு விஷயம். ஒன்று இருந்தால் போதும். யாராவது பழைய கைடு கொடுத்தால் எந்த ஆண்டு என்று பாருங்கள். 2019-20 கல்வியாண்டில்தான் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகமும், தாள் ஒன்று தாள் இரண்டு என்றில்லாத ஒரே தாளும் வந்தன. அதற்கு முந்தையது எடைக்குப் போட வேண்டியது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிடும் வினாத்தொகுப்பு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உள்ள தாள்களை வாரம் ஒன்று வீதம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழகுவது, பத்துக் கைடு படிப்பதற்குச் சமம்.

டியூஷன் வேண்டுமா என்று கேட்டீர்கள். முப்பது, நாற்பது பேரை உட்கார வைத்து மறுபடி ஒரு முறை பாடம் நடத்தும் இடம் என்றால் வேண்டாம். அது பள்ளியிலேயே நடக்கிறது, காலை மாலை சிறப்பு வகுப்பும் இருக்கும். அவன் எழுதிய தாளை வாங்கிப் படித்து, பிழையைக் காட்டி, திரும்ப எழுத வைக்கும் ஆள் யாராவது இருந்தால் வாரம் இரண்டு நாள் அனுப்பலாம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகூட இதைச் செய்யும். சேர்ப்பதற்கு முன்னால் 'பையன் எழுதினதை நீங்க திருத்திக் குடுப்பீங்களா?' என்று நேராகக் கேளுங்கள். பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் நல்ல விஷயம்தான், ஆனால் இப்போது இல்லை. அங்கே சொல்லித் தருவது வேறு, இந்தத் தாளில் கேட்பது வேறு. பொதுத்தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை வரை ஒரு விடுமுறை கிடைக்குமே, அப்போது சேர்க்கலாம். சேர்க்கும்போதும் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டும் இடமாகப் பாருங்கள்.

முதல் திருப்புதல் தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். வெள்ளையாக விட்ட கேள்வி எத்தனை? பிழை நோட்டில் இருந்த பழைய வகைப் பிழை எத்தனை? வெள்ளை இல்லாமல் வந்திருந்தால் மதிப்பெண் நாற்பத்தைந்தாக இருந்தாலும் திட்டாதீர்கள். பழைய பிழையே மறுபடி வந்திருந்தால் அந்த வகையை மட்டும் எடுத்து, ஒரு வாரத்துக்கு தினம் ஐந்து வாக்கியம் எழுத வையுங்கள். இரண்டாம் திருப்புதல் தாள் வந்த பிறகும் குழப்பம் இருந்தால் அந்தத் தாளின் விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.